அப்பாவை எரிக்கவில்லை

சனி, மார்ச் 8

விடியவே வேர்வை. நேற்றுத் தோய்த்த துணி இன்னும் ஈரம். வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் இல்லை.

மருத்துவ பீடத்தில் நாளை கண்காட்சி. உடற்கூற்று அருங்காட்சியகத்தைச் சனத்துக்குத் திறந்து விடுகிறார்களாம். அம்மா பேப்பரில் பார்த்துவிட்டார்.

"நாளைக்குப் போவம்."

"அங்க என்னத்துக்கம்மா?"

"அவரைப் பாக்க."

அப்பா செத்து ஆறு மாதம். அவர் எழுதி வைத்தபடி உடம்பை அங்கேதான் கொடுத்தோம். வீட்டிலிருந்து நேரே போனது. தகனம் இல்லை, சாம்பல் இல்லை, அந்தியேட்டிச் சடங்கு இல்லை. அதனால் அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. "ஆளை எரிக்காமல் நான் எப்பிடிக் கழட்டுறது?" கோயிலில் சனம் கதைக்கிறது. கதைக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அம்மா சாப்பிடுவதும் இல்லை, படுப்பதும் இல்லை. பாதியாகிவிட்டார். இப்படியே போனால் இவரும் போய்விடுவார். பயமாக இருக்கிறது.

ஞாயிறு, மார்ச் 9

போனோம். மழை வரப் பார்த்தது, வரவில்லை.

பழைய கட்டடம், மேல்மாடி. மருந்து நெடி, கண் எரிச்சல். வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள். ஈரல். பாதம். பிறக்காத பிள்ளைகள், கண் மூடியபடி. எனக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"இது என்னடி, மூளையா?"

"ஓம், உன்னட்ட இல்லாத சாமான்."

அம்மா சிரிக்கவில்லை. மீன்கடையில் நிற்பதுபோல ஒவ்வொரு சாடியாகக் குனிந்து பார்த்தார். ஒரு கையின் முன்னால் நின்றார்.

"சின்ன விரலைப் பார். அவற்ற கைதான்."

அப்பாவின் சின்ன விரல் உள்ளே வளைந்திருக்கும். இதுவும் அப்படியே. கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலம்: பெண்ணின் கை. போட்டிருந்த வருடம் நான் பிறப்பதற்கு முன்னால். அம்மா கண்ணாடி போடவில்லை. நான் அதை வாசித்துக் காட்டவில்லை.

அம்மா உள்ளங்கையைச் சாடியில் வைத்தார். உள்ளே அந்த விரல் மெல்ல அசைந்தது. தண்ணீர்தானே, அசையும். பிள்ளைகள் ஓடியதில் மேசை ஆடியிருக்கும். ஆனால் அவர்கள் எப்போதோ அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

"அல்லன்ன எப்பா, அம்மே." தொடவேண்டாம் என்று ஒரு மாணவன் வந்து சொன்னான். அம்மா கையை எடுத்தார்.

"வெட்டிப்போட்டினம். அப்ப முடிஞ்சுது."

திங்கள், மார்ச் 10

வேலைக்கு லீவு. அம்மா தலைமுழுகினார். தாலியைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்தார். பொட்டு இல்லாத நெற்றி, யாரோ போல. பிறகு வாய்விட்டு அழுதார். ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். மத்தியானம் குறட்டை.

உண்மையைச் சொல்லமாட்டேன். எனக்கென்ன விசரா?

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் என் கையில் அந்த நெடி.

புதன், மார்ச் 12

மழை. போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மருத்துவ பீடம். ஒரு பெண், சிங்களத்தில், மிக அன்பாக. புது மாணவர்கள் அடுத்த கிழமை வெட்டத் தொடங்குகிறார்களாம். அதற்கு முதல் உடம்பு கொடுத்தவர்களுக்காகப் பிக்குகளுக்கு ஒரு தானம், குடும்பத்தார் வரவேண்டும். அப்பாவை இன்னும் ஒருவரும் தொடவில்லை, முழுதாக இருக்கிறார் என்றாள்.

அம்மா எதிரே இருந்து போஞ்சி நார் உரித்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். என்னைவிட நல்ல சிங்களம்.

"முழுசா இருக்கிறார் எண்டோ சொன்னவ?"

"ஓம் அம்மா."

"அடுத்த கிழமை வரைக்கும் அப்பிடியே இருப்பாரோ?"

"ஓம்."

எழும்பி அறைக்குப் போனார். போய்ப் பார்த்தால் அலுமாரி திறந்து கிடக்கிறது. அம்மா கலியாணத்துக்குக் கட்டின கூறைச்சீலையை உடுத்துக்கொண்டிருக்கிறார்.

"கொய்யகம் சரியுது. மடிப்பைக் கொஞ்சம் பிடிச்சு விடு பிள்ளை."

பிடித்துவிட்டேன்.