ஒன்பதாம் பாடத்தில் கூடிய பதினோரு நொடிகள்

ஊரப்பாக்கம்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள வசுமதிக்கு,

ருக்சானா எழுதுகிறேன். புனேயில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைக் கணினியில் தட்டச்சு செய்யக் கை வரவில்லை. பேனாவால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் அப்பா கடற்காவலர்களுக்காக எழுதி வைத்த அறுநூற்று நாற்பது பக்கத்தையும் நாற்பது இணையப் பாடங்களாக்கிவிட்டேன். முன்பு திருவிடந்தைக் கடற்கரைக் காவலர்கள் மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு பாடமும் நான்கே நிமிடம். முதலில் ஒரு சம்பவம், பிறகு நீரோட்டம் திரும்பும் படம், கடைசியில் ஒரு கேள்வி. பேசுவது அப்பாவே; வகுப்புகளில் பதிவு செய்திருந்த குரல். டீக்கடையில் உட்கார்ந்துகூடக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். இதற்கு நீ நன்றி சொல்லாதே. போன வருடம் அலையில் சிக்கிய என் தம்பி ஹுசைனைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டுத்தானே அவர் திரும்பாமல் போனார்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

ஒன்பதாம் பாடம் என் கணினியில் சரியாக நான்கு நிமிடம். கரையில் காவல் நிற்கும் ஹுசைனின் கைப்பேசியில் பதினோரு நொடி கூடுதலாக ஓடுகிறது. கேள்வி முடிந்ததும் அப்பாவின் குரல், “தெக்கால மூணாங் கம்பத்தாண்ட எவனும் எறங்காத. அடியில குழி வுழுந்துகினு கீது” என்றதாம். விளையாடாதே என்று அவனைத் திட்டினேன். கையெழுத்துப் பக்கங்களிலும் ஒலிப்பதிவுகளிலும் தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை. பாடத்தை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே பதினோரு நொடி.

ஹுசைன் அந்த இடத்தில் சிவப்புக் கொடி நட்டான். மறுநாள், முழங்கால் ஆழமே இருந்த அந்த இடத்தில் கயிறு விட்டுப் பார்த்தால் இரண்டு ஆள் ஆழம். குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் கொடியைப் பார்த்துத்தான் தள்ளிப் போனது.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் நானே கரைக்குப் போய் அவன் கைப்பேசியில் கேட்டேன். குரல் அவருடையதுதான், வசு. பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமுவாரே, அதுவும் இருந்தது. ஆனால் சொன்னது வேறு. “எம் பொண்ணு வந்துகினு கீது. அத்த தண்ணியாண்ட வுடாதீங்கடா.” பின்னால் அலைச் சத்தம் இல்லை. தலையை நீருக்குள் முக்கினால் காது அடைத்துக்கொள்ளுமே, அந்த நிசப்தம்.

நீ வருவது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. முதல் வருட நினைவு நாளில், அப்பா போன இடத்தில் இடுப்பளவு இறங்கிப் பூ விடப்போவதாக நீ அனுப்பிய செய்தி வியாழக்கிழமைதான் வந்தது. அதைக் காட்டியதும் ஹுசைன் குந்தி உட்கார்ந்துவிட்டான். “வசுக்காவ கால் நனைக்கக்கூட வுடமாட்டேன்” என்று அழுதான்.

பாடத்தை நீக்கிவிடச் சொல்வாயா, தெரியவில்லை. எனக்கு மனம் வரவில்லை. தினமும் ஒருமுறை போட்டுக் கேட்கிறோம். செவ்வாய்க்குப் பிறகு அது வார்த்தை மாறவில்லை.

நீ வா, வசு. வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பூவை மட்டும் ஹுசைன் கையில் கொடுத்துவிடு. நீ மணலில் என்னோடு நில். எங்கள் வீட்டுப் பிள்ளையை அவர் எங்களுக்குத் திருப்பித் தந்தார். அவர் பிள்ளையை நான் எப்படி விடுவேன், சொல். அல்லாஹ் உன்னைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உன் கையைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும்,
ருக்சானா