அவன் பெயரில் உள்ளே வாருங்கள்

நவாஸ் வாப்பாவுக்கு ஸலாம்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நாகூரிலிருந்து நீங்கள் கேட்டபடி, நவாஸ் பாடிப் பதிவு செய்த பாட்டுகளை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன்.

நவாஸின் ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று நமக்குச் சாப்பாடு கொண்டுவந்த கீழ்வீட்டு பதுருன்னிசாதான் வந்து அவனுடைய கணினியைப் பார்த்தாள். இங்கே தேக்கா கடைத்தெருவில் கணினிக் கடையில் இருக்கிறாள் அல்லவா, அவள்தான்.

"லாத்தா, இது ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் லா. இப்ப உள்ள பாதுகாப்பு எதையும் ஏத்துக்காது," என்றாள். பிறகு அதற்கு ஒத்துவரும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் போட்டாள். இனி நீங்கள் அங்கிருந்தே கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்து, பாட்டுகளை நகலெடுத்துக்கொள்ளலாம்.

"நாகூர்ல இருக்கிற மச்சான் பேர்ல புது அக்கவுண்ட் போட்டு, நவாஸோட பழசை அழிச்சிடவா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, அது இருக்கட்டும்," என்றேன்.

அதனால் அவன் பெயரிலேயே நுழையுங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்கிறேன்.

நேற்று அவள் தன் வீட்டிலிருந்து சோதித்துப் பார்த்தாள். இங்கே திரையில் 'நவாஸ் இணைந்துள்ளார்' என்று வந்தது. அவள் வேலையை முடிக்கும்வரை அது அப்படியே இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாப் பாட்டையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். தினம் ஒன்று போதும்.

அவனுடைய உம்மா