உப்பு ஒத்தடம்

மதினி,

இன்று பீரோவை ஒழிக்கும்போது உங்கள் கட்டுத்துணிச் சுருள் கையில் சிக்கியது. எத்தனை முறை துவைத்தும் போகாத வாடை, தேங்காய் எண்ணெயும் உங்கள் காலில் கசிந்த நீரும் கலந்தது, இன்னும் அதில் இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. பல்லைத்தான் கடித்தேன்.

கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் இடுப்புவரை பரவி, இடது கால் தூண் மாதிரி வீங்கியபோது, நர்ஸம்மா வீட்டுக்கே வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கழுவி, விரலிடுக்கில் ஈரத்தை ஒற்றியெடுத்து, எண்ணெய் தடவி, பாதத்திலிருந்து மேலே சுற்ற வேண்டும். "தோலு பேப்பர் மாதிரி இருக்கு. சூடா மட்டும் எதையும் வைக்கவே கூடாது" என்றார். அண்ணனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். சுற்றும்போது நீங்கள் என்னைக் கேலி செய்வீர்கள்: "ஏத்தா, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டு அலங்காரம் பண்ண மாட்டாக."

பிறகு அண்ணன் கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்பு வந்தது. அதற்கு முந்தைய நாள் நான் டி. கல்லுப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், அண்ணன் உப்பை வறுத்துத் துணியில் கட்டி உங்கள் காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் முன்னால் புதுத் தரையில் உங்கள் கால்நீர் சொட்டக் கூடாதாம். வலி மாத்திரை மயக்கத்தில் இருந்த நீங்கள் கத்தவும் இல்லை. தோல் கொப்பளித்து உரிந்தது. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். "தெரியாமத்தான செஞ்சாரு, விடுத்தா" என்றீர்கள். தெரியாமலா? அவர் தலையாட்டியதை நான் பார்த்தேனே!

நோய் உங்களை எப்படியும் கொண்டுபோயிருக்கும். ஆனால் போர்வை பட்டாலே அலறினீர்களே, அது நோய் செய்ததல்ல.

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. போன மாதம் அண்ணன் காளவாசலில் இருக்கும் என் வீட்டுக்குத் தன் இரண்டாம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். "நாத்தனா முடிச்சு நீதான்த்தா போடணும்." உங்கள் தாலிக்கு முடிச்சுப் போட்டதும் இந்தக் கைதான். "வாரேண்ணே" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

மறுநாளே தல்லாகுளத்தில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்: "அதுக்கப்புறம் ஒரு தடவையாச்சும் அவங்க காலைத் தொட்டுப் பாத்தாரா?"

இல்லை என்றேன். கல்யாணம் நின்றுபோனது.

நேற்று அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். "அவ இருந்தா என்னைய மன்னிச்சிருப்பா."

"மன்னிச்சிருப்பாகதான். புண்ணைக் கழுவுனது நான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மதினி. உங்கள் மனசு எனக்கு வராது. உங்களுக்காக நான் வைத்திருப்பது இந்த ஆத்திரம் ஒன்றுதான். நான் சாகும்வரை அதை ஆறவிட மாட்டேன்.