பலகையில் 1000

மார்ச் 4
கம்பெனி வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகை. தினமும் காலையில் எண்ணை மாற்றுவதும், விபத்து நடந்தால் படிவம் எழுதுவதும் என் வேலை. இன்று 981. ஆயிரம் ஆனால் எங்கள் ஊருக்கு மழலையர் பள்ளி கட்டித் தருவதாகக் கம்பெனி வாக்கு கொடுத்திருக்கிறது. பால்காரிகூட வணக்கத்துக்குப் பதில் எண்ணைத்தான் கேட்கிறாள்.

என் கொழுந்தன் பம்ப் பகுதியில் வேலை செய்கிறான். புகுந்த வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லக் கூடாது என்பதால் ‘சுருட்டை’ என்று நானே பெயர் வைத்தேன். “அண்ணி, உங்க நம்பருக்குப் பயந்து தும்மக்கூட மாட்டேங்கிறேன்!” என்கிறான்.

மார்ச் 15
992. கொதிநீராவி சுருட்டையின் இடது கையைப் பொசுக்கிவிட்டது.

ஷிஃப்ட் தலைவர் சாபித் கதவைச் சாத்தினார். “வீட்ல டீ கொதிக்கிற சமோவர் கவுந்துடுச்சுன்னு சொல்லிடலாம். இன்னும் எட்டே நாள்மா.”

அவனே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “எழுதாதீங்க அண்ணி. என் பொண்ணு தொமிரிஸும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தானே போகணும்?”

எழுதவில்லை.

மார்ச் 16
993 மாட்டினேன்.

மார்ச் 19
996. ஊர் மருத்துவர், “இது எந்த ஊரு சமோவரும்மா?” என்று கேட்டார். இங்கே வைத்திருந்தால் விரல்கள் போய்விடுமாம். வேலையிடத்து விபத்து என்று தாள் இருந்தால் கம்பெனியே விமானத்தில் அல்மாட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இல்லையென்றால் வரிசையில் நிற்க வேண்டும், மாதக்கணக்கில்.

எழுதினால் ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன்? எழுதாவிட்டால் — அவன் கை? என்னால் முடியவில்லை. ச்சே, என்ன வேலைடி இது உனக்கு!

மார்ச் 20
படிவத்தை எடுத்தேன். காயம்பட்டவர் பெயர், தந்தை பெயர். ஒன்பது வருட மருமகள். இரண்டுமே என் வாயில் வந்ததில்லை. பேனா நின்றுவிட்டது.

தவ்ரென். தந்தை கபில்பெக்.

பிறகு பலகையில் சைபர் மாட்டினேன். சாபித் கத்திய கத்தல் கேன்டீன் வரை கேட்டிருக்கும். ஐந்து நாள் மறைத்ததற்காக என்மீதும் விசாரணை. மாலை விமானத்தில் அவன் போய்விட்டான்.

மார்ச் 22
நவ்ரிஸ், வசந்தப் புத்தாண்டு. ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. விருந்தாளிகளுக்காக நான் காய்ச்சிய பண்டிகைக் கஞ்சி அப்படியே இருக்கிறது.

மார்ச் 23
ஆயிரம் வந்திருக்க வேண்டிய நாள். 3 மாட்டினேன். பால்காரி பக்கத்தில் வந்தும் எண்ணைக் கேட்கவில்லை.

மதியம் போன்.

“அண்ணி, சுண்டு விரல் மட்டும்தான் போகுமாம். மத்ததைக் காப்பாத்திடலாம்னு சொல்றாங்க.”

தொமிரிஸ் என் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். “பெரியம்மா, என் பள்ளிக்கூடம் எப்போ வரும்?”

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். போனில்தான் பேசினேன்.

“சுருட்டை, சாப்பிட்டியா?”