வேம்பார்க் கரையில் விழுந்த பாய்மரம்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் பாய்ப்படகு மறுபடி கடலில் இறங்கிவிட்டது. முதலில் இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மதினியும் அதில் வந்தார்கள். நம்ப முடிகிறதா?

இரண்டு ஒல்லி ஓடங்களைச் சேர்த்துக் கட்டினதுபோல் இருக்கும் அந்தப் படகு, வாங்கிய நாளிலிருந்தே மதினிக்கு ஆகாது. காலண்டர் சீசன் முடிந்து அச்சாபீசில் லீவு விட்டதும், நீங்களும் நானும் சிவகாசியிலிருந்து வேம்பாருக்குக் கிளம்பிவிடுவோம். "தண்ணியில்லாத ஊர்ல பெறந்தவுகளுக்கு எதுக்கு இந்தக் கடல் கிறுக்கு?" என்பார்கள் மதினி. கடல்தான் உங்களைக் கொண்டுபோகும் என்று பயந்துகொண்டே இருந்தார்கள். நீங்களோ அச்சு மிஷினுக்குப் பக்கத்தில், காகிதக் கட்டின்மேல் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். நெஞ்சு வலிக்கிறது என்று நர்ஸாக இருக்கும் என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?

கல்லறையில் மண் போடும்போதுகூட மதினி அழவில்லை. பள்ளிக்கூடம் போனார்கள், பாடம் நடத்தினார்கள், வந்தார்கள். படகை வாங்க ஆள் வருகிறது, பாய்மரத்தை நிமிர்த்திக் காட்டுங்கள் என்றார் நம் சித்தப்பா. அதற்காகத்தான் நாங்கள் இருவரும் வேம்பார் போனோம்.

படகைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் அந்தோணி பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் மூன்று கம்பிகளில் முன்கம்பியைப் பிடித்து இழுக்க, நாங்கள் மரத்தைத் தோள் கொடுத்துத் தூக்கினோம். மரம் நிமிர்ந்த மாத்திரத்தில் இடப்பக்கக் கம்பி பட்டென்று அறுந்தது. வலப்பக்கம் நின்ற மதினியின் தோளை உரசிக்கொண்டு மரம் மணலில் விழுந்தது.

நல்லவேளை, அடியில்லை. மதினி அறுந்த முனையைக் கையில் எடுத்தார்கள். பூண் போட்ட இடத்தில் உள்ளே துருவேறி, இழைகள் முன்னாலேயே விட்டுப் போயிருந்தன.

"இந்தக் கம்பிய நம்பியா இம்புட்டு நாளும் கடலுக்குப் போனீக?"

உங்களைத்தான் கேட்டார்கள். அப்படியே மணலில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதார்கள். நான் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா போனில், "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாங்க" என்றார். மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்கள். "விக்கல, சின்ன மாமா. கம்பிய மாத்தப் போறோம்."

மூன்று கம்பிகளையும் தூத்துக்குடியில் புதிதாகச் செய்து வாங்கினோம். அறாத இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்றது மதினிதான். பழையதை இழுத்து வைத்து அளந்து கொடுத்தும், நிறுத்தினால் மரம் இடப்பக்கம் சாய்ந்தது. பாய் ஏற்றும் கயிற்றை உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து வித்தியாசம் பார்த்தோம். கம்பிகளின் அடியில் உள்ள துளைத் தகட்டில், இடக்கம்பியை ஒரு துளை தளர்த்தி, வலக்கம்பியை ஒரு துளை இறக்கிப் பூட்டினேன். மதினி எட்டி நின்று பார்த்து, "ஆங், இப்ப நேரா நிக்குது" என்றார்கள். பிறகு செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் படகில் ஏறிவிட்டார்கள். நான் கூப்பிடவே இல்லை அண்ணே.

பாயில் காற்றுப் பிடித்ததும் ஒரு பக்கக் கம்பி தொய்ந்தது. மதினி என் கையை இறுக்கிப் பிடித்தார்கள்.

"ஏ எஸ்தரு, இது லூசாயிருச்சு!"

"அது அப்படித்தான் மதினி. காத்து வார பக்கத்துக் கம்பிதான் பாரத்தத் தாங்கும்."

அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். விறைத்து நின்றது. அதன்பிறகுதான் என் கையை விட்டார்கள்.

வெகுதூரம் போனபின், "இங்கன வந்து அவுக என்ன பேசுவாக?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் பேச மாட்டாக. சும்மா பாத்துக்கிட்டு இருப்பாக."

மதினியும் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வெயில் ஏறும்வரை கடலில் இருந்தோம். அடுத்த லீவுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன், அண்ணே. காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, மதினி வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்குப் பாயை ஏற்ற மாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
மதினிக்கு இப்போது கூடப்பிறந்தவள்,
எஸ்தர்