கோடு போடாத முக்கோணம்

மார்கழி, செவ்வாய் இரவு. குன்னூர்.

மானுடவியல் வகுப்பில் குடும்ப வரைபடம் கேட்டிருக்கிறார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். ரத்த உறவுக்கு ஒற்றைக் கோடு, கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு.

சாயங்காலம் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வரைந்தேன். பக்கத்து வீட்டு ராணி பெரியம்மாவை எங்கே போடுவதென்று அம்மாவிடம் கேட்டேன். சின்ன வயதில் இருவரும் இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். வேறு சொந்தம் கிடையாது.

"ஒண்ணா கப்பல்ல வந்தோம். அவ எனக்கு அக்கா. எம் பக்கத்துல போடு."

"ரத்த சம்பந்தம் இல்லையேம்மா."

"அதை யாரு கேட்டா? அப்ப அவ மகன் பிரபு உனக்கு அண்ணன் இல்லையா?"

நான் பென்சிலைச் சீவினேன். பிரபுவை அண்ணா என்று கூப்பிட்டு வெகுநாளாகிறது. அம்மா கவனித்திருப்பாளோ என்னவோ.

ஃபேக்டரி விட்டு வந்த பிரபு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். சட்டையெல்லாம் தேயிலை வாசம்.

"நான் எங்க இருக்கேன்?"

"இன்னும் போடல."

இப்போது போட்டுவிட்டேன். வெளியே மஞ்சுப் பனி இறங்கி எதிர்வீட்டு விளக்கு மிதக்கிறது. அவன் முக்கோணமும் தாளில் அப்படித்தான், பெரியம்மா வட்டத்தோடுகூட இன்னும் கோடு போடாமல், எதிலும் ஒட்டாமல். அதற்கும் என் வட்டத்துக்கும் நடுவே பென்சிலால் லேசாக இரட்டைக் கோடு இழுத்துப் பார்த்தேன்.

காலையில் தாளைக் கொடுக்க வேண்டும். இன்னும் அழிக்கவில்லை.