ஸஹருக்கு இரண்டு குளிசை

2025 மார்ச் 5, புதன்
தறியிலிருந்து எழும்ப முடியவில்லை. பெருநாளுக்கு முன் சாரிகளை முடிக்கிற அவசரம் முதுகைக் கட்டையாக்கிவிட்டது. டொக்டர் துசாந்தன் தசைப்பிடிப்பு என்றார். தசையைத் தளர்த்தும் குளிசை, ஐந்து நாளுக்கு, மூன்று வேளை. தூக்கம் வரும், வாகனம் ஓட்டக்கூடாது என்றார். தலையாட்டினேன். நோன்பு பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. விடச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மார்ச் 6
சுப்ஹானல்லாஹ். பயறு அளவு குளிசை! நேற்று நோன்பு திறந்து ஒன்று விழுங்கினேன், இஷாவுக்குக் குனிந்து நிமிர்ந்து தொழுதேன். இத்தனை சின்னதுக்கு என் முதுகு இருக்கிற இடம் எப்படித் தெரிந்தது?
பகல் வேளைக்கும் வழி கண்டுவிட்டேன். நாளை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடே இரண்டாகப் போடலாம்.

மார்ச் 7
கல்லடிப் பாலத்தில் ஏறியது நினைவிருக்கிறது. இறங்கியது நினைவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு
காலையில் நூல் வாங்க டவுனுக்கு ஸ்கூட்டியில் போனேன். பின்னால் என் மகள் ஸில்மியா, எட்டு வயது. ஸஹருக்கு இரண்டு குளிசை. பஞ்சுத் தூசித் தும்மலுக்கு வழக்கமாகப் போடுவதும் ஒன்று. பாலம் தாண்டி, ஓரத்தில் ஸ்கூட்டி நிற்குது, பிள்ளை அழுறாள்.
“முதுகில இடிச்சன் உம்மா. நீங்க முழிக்கல்ல. மறுகாவும் இடிச்சன்.”
இரண்டாவது இடிக்குத்தான் பிரேக் பிடித்திருக்கிறேன் போல. பாலத்துக்குக் கீழே வாவி. யா அல்லாஹ், என்ன செய்யப் பார்த்தன் நான்?

மார்ச் 8
ஆட்டோவில் போய் டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். ஏசவில்லை. முதுகைத் தளர்த்துவது மூளையையும் மந்தமாக்குமாம். இரண்டை ஒன்றாகப் போட்டதோடு தும்மல் குளிசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாமாம்.
“நோன்ப பிடிக்கிறதும் விடுறதும் உங்கட முடிவு. குளிசை நேரத்த மட்டும் என்னட்டக் கேக்காம மாத்தாதீங்க.”
இனி படுக்கும்போது ஒன்று மட்டும், மூன்று நாள். தும்மல் குளிசை கூடாது. ஸ்கூட்டியைத் தொடவே கூடாது. நான் அதிசயப்பட்ட அதே குளிசைதான். மறுநாளே பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்தது. இல்லை, கொண்டுபோகப் பார்த்தது நான்.

மார்ச் 13
குளிசை முடிந்து இரண்டு நாள். கொஞ்சம் வலி, தாங்கலாம். டொக்டர் இனி ஓட்டலாம் என்றார். ஸ்கூட்டியை வெளியே எடுத்தேன். ஸில்மியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 20
நான் கூப்பிடவில்லை. தானாக வந்து பின்னால் ஏறினாள். பாலம் தொடங்கியதும் இரண்டு கையாலும் என் இடுப்பை இறுக்கினாள், கண்ணாடியில் என் கண்ணையே பார்த்தாள். நானும் மூச்சுவிடாமல் ஓட்டினேன். பாதிப் பாலத்தில் ஒரு கையை எடுத்து, வாவியில் மூழ்கி எழும்பிய நீர்க்காகத்தைக் காட்டினாள்.